வியூ 3ஆ, ரியாக்டா? ஓர் அரிசி ஆலைத் தளத்துக்காக

கல்லடியில் இருந்து நாங்கள் மூன்று பேர் எழுதிய அரிசி ஆலைக் கணக்குத் தளம் இணையப் பக்கங்களைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் கருவியான வியூவின் (Vue) 2ஆம் பதிப்பில்தான் இன்னும் ஓடுகிறது. அந்தப் பதிப்பின் பராமரிப்பு 2023 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது. அடுத்த பதிப்பான வியூ 3க்கோ, அதேபோன்ற இன்னொரு கருவியான ரியாக்டுக்கோ (React) மாறத்தான் வேண்டும்.

ரியாக்டின் பலம் ஆட்பலம். 2013இல் பேஸ்புக் அதைத் திறந்த மூலமாக வெளியிட்டதிலிருந்து துணை நூலகங்கள் குவிந்து கிடக்கின்றன. வெளியில் வேலை தேடும் தம்பிமாருக்கும் அது கைகொடுக்கும். ஆனால் பக்கங்களின் வடிவைச் சொல்லும் எங்கள் டெம்பிளேட்டுகள் அத்தனையையும் ரியாக்டின் எழுத்துமுறையான ஜேஎஸ்எக்ஸில் (JSX) திரும்ப எழுத வேண்டும். பெரும்போக அறுவடைக்கு முன் அது முடியாத காரியம்.

வியூ 3இல் பழைய எழுத்துமுறை பெரும்பாலும் அப்படியே செல்லும். இடைமாற்றத்துக்கென்றே ஒரு பதிப்பு உண்டு. பழைய வழக்கத்தையும் ஓடவிட்டு, எதை மாற்றவேண்டும் என்று எச்சரித்துக்கொண்டே வரும். நோகும் இடம் ஃபில்டர்கள், அதாவது ஒரு மதிப்பைத் திரையில் காட்டும் வடிவத்துக்கு மாற்றித்தரும் வியூ 2இன் வசதி. ரூபாயையும் மூடைக் கணக்கையும் காட்ட எல்லாப் பக்கத்திலும் அவற்றைப் போட்டிருக்கிறோம். வியூ 3 அவற்றை நீக்கிவிட்டது. ஒவ்வொன்றையும் சாதாரண ஃபங்ஷனாக மாற்றவேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் பக்கம் பக்கமாகச் செய்யலாம். ஆலைக்காரரும் அன்றாடக் கணக்கை நிறுத்தாமல் பதியலாம்.

புதிதாகத் தொடங்கும் தளமென்றால் ரியாக்டை எடுத்திருப்பேன். இதற்கு வியூ 3தான்.