கிட்டாவா, டாகெஸ்முட்டரா: பெர்லினில் ஒரு வயதுக் குழந்தையை யாரிடம் விடுவது?

போன மாதம் பெர்லினின் பிரிட்ஸ் பகுதியில் உள்ள முருகன் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நின்றிருந்தேன். பின்னால் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண், "அக்கா, உங்க பொண்ணை எந்தக் கிட்டாவில விட்டீங்க?" என்று கேட்டார். அவர் மகனுக்கு 7 மாதம். வேலைக்குத் திரும்ப இன்னும் ஐந்தாறு மாதம்தான் இருக்கிறது. கிட்டா என்ற காப்பகத்தில் விடவில்லை, வீட்டில் வைத்துக் குழந்தை பார்க்கும் டாகெஸ்முட்டரிடம் விட்டேன் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. "யாரோ ஒருத்தர் வீட்டுலயா?" என்றார். அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. அங்கே சொல்ல முடியாமல் போன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், அம்மாவை ஊரிலிருந்து வரவழைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் யோசனை. நம்மில் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். ஷெங்கன் விசாவில் 180 நாளுக்குள் 90 நாள்தான் தங்கலாம். என் அம்மா பிரசவத்துக்கு வந்து, பத்தியம் வைத்து, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டி, 88ஆம் நாள் விமானம் ஏறினார். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்து பார்த்தால், அவர் ஊறப்போட்டிருந்த உளுந்து அடுப்படியில் அப்படியே இருந்தது. ஆண்டு முழுக்க நடக்க வேண்டிய ஒரு வேலைக்கு அம்மாவின் 90 நாளை நம்பித் திட்டம் போட முடியாது. அந்த நாட்கள் பாட்டியும் பேத்தியும் சேர்ந்து இருப்பதற்கு.

வேலையை விட்டு வீட்டிலேயே இருப்பதும் ஒரு வழிதான். எல்டர்ன்கெல்ட் என்ற பெற்றோர் உதவித்தொகை 12 மாதம் வரும். கணவரும் விடுப்பு எடுத்தால் இருவருக்கும் சேர்த்து 14 மாதம். சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, மாதத்துக்கு அதிகபட்சம் 1,800 யூரோ. 3 ஆண்டு வரை விடுப்பில் இருந்தாலும் வேலை நம்முடையதுதான், ஆனால் அதுவரை பணம் வராது. எனக்கு வேலைக்குப் போக வேண்டியிருந்தது, போகவும் ஆசையாக இருந்தது. ஆகவே மிஞ்சியவை இரண்டு.

கிட்டா எல்லாருக்கும் தெரியும்: பள்ளிக்குப் போகும் வயதுவரை குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகம். டாகெஸ்முட்டர் என்றால் சொல்லுக்குச் சொல் 'பகல் தாய்'. தன் வீட்டிலோ இதற்கென்று வாடகைக்கு எடுத்த சிறிய இடத்திலோ, ஒரே நேரத்தில் அதிகபட்சம் 5 குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் விட்டுப்போவது போன்ற ஏற்பாடு என்று நினைத்துவிடக் கூடாது. பயிற்சி முடித்து, யூகெண்ட்ஆம்ட் என்ற குழந்தை இளைஞர் நல அலுவலகத்தின் அனுமதி பெற்றவர்கள் இவர்கள். அனுமதி 5 ஆண்டுக்குத்தான் செல்லும்; பிறகு புதுப்பிக்க வேண்டும்.

செலவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பெர்லினில் 2018 ஆகஸ்ட் முதல் இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. மதியச் சாப்பாட்டுக்கு மாதம் 23 யூரோ. சில கிட்டாக்கள் காலை உணவு, யோகா, இசை என்று கூடுதலாக வாங்குவதுண்டு, அதற்கும் 90 யூரோ என்று வரம்பு இருக்கிறது. யூகெண்ட்ஆம்ட் தரும் ஒரே குட்ஷைனை, அதாவது இடம் பெறுவதற்கான உரிமைச் சீட்டை, இரண்டு இடத்திலும் கொடுக்கலாம். முதல் பிறந்தநாளிலிருந்து குழந்தைக்கு இடம் பெறும் உரிமை 2013 ஆகஸ்ட் முதல் சட்டத்திலேயே உண்டு. இடத்தைத் தேடி அலைவது மட்டும் நம் பாடு.

கிட்டாவின் பலங்களை மறுக்க முடியாது. தோட்டம் இருக்கும். காலையில் சீக்கிரம் திறந்து மாலையில் தாமதமாக மூடுவார்கள். ஒரு ஆசிரியைக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவர் இருப்பார். ஒருமுறை சேர்த்துவிட்டால் 6 வயதுவரை வேறு இடம் தேட வேண்டாம். நண்பர்கள் வீட்டுப் பிள்ளைகள் பலர் ஒரு வயதிலேயே போய் நன்றாக வளர்ந்திருக்கிறார்கள். அப்படியும் நான் ஏன் விடவில்லை என்றால், ஒரே காரணம் மொழி.

14 மாதத்தில் என் மகளுக்குப் பத்துப் பன்னிரண்டு சொற்கள் தெரியும், எல்லாமே தமிழ். பால் என்றால் 'ங்கா'. சோறு 'மம்மு'. தூக்கம் 'தாச்சி'. எங்காவது இடித்துக்கொண்டால் 'உவ்வா'. கூடவே தண்ணி, தூக்கு, போதும், வேணாம். வீட்டில் இவ்வளவும் பேச்சு. வாசலைத் தாண்டினால் வெறும் சத்தம். ஒரு ஜெர்மன் குழந்தை அந்த வயதில் அரைகுறையாகச் சொன்னாலும் ஆசிரியைக்குப் பிடிபட்டுவிடும். நம் குழந்தை தெளிவாகவே 'தண்ணி' என்று கேட்டாலும் யாருக்கும் புரியாது. நான்கைந்து முறை கேட்டுப் பார்த்துவிட்டு அது கேட்பதையே நிறுத்திவிடுமோ என்பதுதான் என் பயம்.

நாங்கள் பார்க்கப் போன ஒரு கிட்டாவில் சின்னக் குழந்தைகளின் அறை வெளிச்சமாக, அழகாக இருந்தது. காலையில் ஒருவர், மதியத்துக்கு மேல் வேறொருவர், நடுவில் பயிற்சிக்கு வந்த ஒரு பெண். "இவள் என்ன சாப்பிட்டாள், எப்போது தூங்கினாள் என்று சாயங்காலம் எனக்கு யார் சொல்வார்கள்?" என்று என் தட்டுத்தடுமாறும் ஜெர்மனில் கேட்டேன். அப்போது பணியில் இருப்பவர் சொல்வார் என்றார்கள். நியாயமான பதில்தான். ஆனால் மூன்று பேரும் என் மகளின் பன்னிரண்டு சொற்களைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் எப்படிக் கேட்பது?

அடுத்த வாரம் டாகெஸ்முட்டர் வீட்டுக்குப் போனோம். ஐம்பதைத் தாண்டியவர். தரையில் உட்கார்ந்து என் மகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார், தூக்க முயலவில்லை. அப்புறம் ஒரு நோட்டை எடுத்து, "வீட்டில் இவள் என்னென்ன சொல்வாள்? எழுதிக் கொடுங்கள்" என்றார். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே! அந்த நிமிடமே என் மனசு முடிவெடுத்துவிட்டது.

தமிழ்ச் சொற்களை ஜெர்மன் எழுத்தில் எழுதினேன், பக்கத்திலேயே பொருளும். அந்தத் தாளை அவர் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். மறுநாள் அவர், "ஃபேணாம்? ஃபேணாம்?" என்று கேட்க, மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் தவறு புரிந்தது. ஆங்கிலப் பழக்கத்தில் 'வி' எழுத்தைப் போட்டிருந்தேன். ஜெர்மனில் அதன் பெயர் 'ஃபௌ', பல சொற்களில் அதை ஃபகரமாகத்தான் படிப்பார்கள். வகரத்துக்கு 'டபிள்யூ' போட வேண்டும். அடித்துத் திருத்தினேன். "வேணாம்?" என்று அவர் கேட்டதும், மகள் கையிலிருந்த கிண்ணத்தைத் தள்ளி, "வேணாம்" என்றாள். வேற்று மனிதர் ஒருவரோடு அவள் பேசிய முதல் பேச்சு அது.

இங்கே குழந்தையைப் புது இடத்துக்குப் பழக்குவதற்கு 'பெர்லின் மாதிரி' என்று ஒரு முறை உண்டு. கிட்டா, டாகெஸ்முட்டர் இரண்டிலும் பரவலாகப் பின்பற்றுவார்கள். முதல் 3 நாள் அம்மாவோ அப்பாவோ கூடவே ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டும். 4ஆம் நாள்தான் சில நிமிடம் வெளியே போவது. அந்த நாள் திங்கட்கிழமையாக அமைந்தால் ஒரு நாள் தள்ளிவைப்பார்கள், இரண்டு நாள் விடுமுறையில் குழந்தை வீட்டோடு ஒட்டியிருக்கும் என்பதால். எங்களுக்கு வியாழக்கிழமை வந்தது. மகளிடம் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் போய் நின்றேன். உள்ளே அழுகை. "தூக்கு... தூக்கு..." என்று கேட்கிறது. கதவைத் திறக்கக் கை போய்விட்டது. அதற்குள் அவர் குரல்: "தூக்கு? யா, தூக்கு." தூக்கிக்கொண்டார். அழுகை விம்மலாகி, பிறகு அடங்கியது. அந்தப் படியில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

மொழி என்று நான் சொல்வதில் என் மொழியும் சேர்த்தி. அப்போது என் ஜெர்மன், கடையில் பொருள் வாங்குவதற்கும் அலுவலகத்தில் வணக்கம் சொல்வதற்கும்தான் போதும். தினமும் மூன்று மணிக்கு அதே வாசலில், அதே மனிதரோடு, அதே விஷயம்: எவ்வளவு சாப்பிட்டாள், எத்தனை மணிக்குத் தூங்கினாள், மலம் சரியாகப் போனதா. ஐந்து நிமிடம்தான். அவர் மெதுவாகப் பேசுவார், நான் சொல்லைத் தேடும்வரை காத்திருப்பார். இரண்டு மாதத்தில் நான் அவரிடம் சரளமாகப் பேசினேன். காலையில் மகள் முகம் வாடியிருந்தால், ராத்திரி என்ன ஆனது என்று அவருக்குச் சொல்ல எனக்கு வாய் இருந்தது. அம்மாவோ அக்காவோ பக்கத்தில் இல்லாத ஊரில், என் குழந்தையைப் பற்றி என்னோடு உட்கார்ந்து பேச ஒருவர் இருந்ததன் அருமையை எப்படிச் சொல்வது!

"ஒரே ஒருத்தர்கிட்ட இருந்தா ஜெர்மன் எப்படி வரும்?" என்று பலர் கேட்டார்கள். "வீட்டில் தமிழே பேசுங்கள், ஜெர்மனை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் அவர். இரண்டரை வயதில் மகள் இரண்டிலும் வாக்கியம் பேசினாள். ஒரு குழந்தையை வைத்து இதைச் சட்டமாகச் சொல்ல மாட்டேன். கிட்டாவுக்குப் போன தோழியின் மகனும் அதே வயதில் நன்றாகவே பேசினான்.

சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். கையால் சாப்பிட்டுப் பழகியவள் என்றேன். சோறு வைக்கும் நாளில் கரண்டியை ஓரமாக வைத்துவிட்டார். சில வாரத்தில் மற்ற குழந்தைகளும் அன்று கையால் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்களாம்.

இனி, டாகெஸ்முட்டரிடம் உள்ள பெரிய குறை. அவருக்கு உடம்பு முடியாமல் போனால் எல்லாமே நின்றுவிடும். இரண்டாம் குளிர்காலத்தில் தொடர்ந்து 9 வேலை நாள் அவர் படுத்துவிட்டார். மாற்றாக ஓர் இடம் சொன்னார்கள். மகள் பார்த்தே இராத வீடு, பார்த்தே இராத முகம். அவ்வளவு பாடுபட்டுப் பழக்கிவிட்டு அங்கே கொண்டுபோய்விட மனம் வரவில்லை. நானும் கணவரும் காலை அவர், மதியம் நான் என்று பிரித்துக்கொண்டு, மீதியை விடுப்பில் ஓட்டினோம். சட்டப்படியான பொது மருத்துவக் காப்பீட்டில் இருக்கும் பெற்றோருக்கு இப்போது ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு ஆளுக்கு 15 நாள் குழந்தை நோய் விடுப்பு உண்டு. அது குழந்தைக்கு உடம்பு சரியில்லாவிட்டால்தான் செல்லும், பார்த்துக்கொள்பவருக்குச் சரியில்லாவிட்டால் செல்லாது. இருவரில் ஒருவருக்காவது வீட்டிலிருந்து வேலை பார்க்க வழியில்லை என்றால், என் வாதத்தையெல்லாம் ஒதுக்கிவிட்டுக் கிட்டாவையே பாருங்கள்.

இன்னொன்று நம்பிக்கை. "ஏன்டி, வேற யாரும் பார்க்காத வீட்டுல புள்ளைய எப்படி விடுவ?" என்று அம்மா வீடியோவில் கேட்டார். சரியான கேள்வி. கிட்டாவில் நான்கு கண் பார்க்கும், இங்கே ஒருவர்தான். நாங்கள் வெவ்வேறு நேரத்தில் மூன்று முறை போய்ப் பார்த்தோம். அங்கே குழந்தையை விட்டிருந்த இன்னொரு தாயிடம் தனியாகப் பேசினோம். பழக்கும் காலத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்தபோது, மற்ற குழந்தைகள் அழுதால் அவர் என்ன செய்கிறார் என்பதைத்தான் அதிகம் கவனித்தேன். மனசில் ஒரு நெருடல் இருந்தாலும் விடாதீர்கள், குட்ஷைன் காலாவதியானாலும் பரவாயில்லை.

பூஜ்யத்துக்குக் கீழே குளிர் போனாலும் வெளியே கூட்டிப்போவது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். சேற்றுக் கால்சட்டை, ரப்பர் பூட்ஸ், கம்பளித் தொப்பி எல்லாவற்றிலும் பெயர் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஐந்து குழந்தைகளையும் ஒரு பெரிய தள்ளுவண்டியில் உட்காரவைத்துப் பூங்காவுக்குத் தள்ளிப்போகும் படத்தை அனுப்பினால், அம்மா ஊரில் பதறுவார். இப்போது அவரும் பழகிவிட்டார்.

3 வயதில் மகளைக் கிட்டாவுக்கு மாற்றினோம். அந்த வயதுக்குச் சட்டம் காட்டுவதும் கிட்டாவைத்தான், அவளுக்கும் கூட ஓடியாட நிறையப் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். இரண்டாவது முறையாகப் புது இடம் பழக வேண்டுமே என்ற கவலை இருந்தது. ஆனால் அப்போது அவளுக்கு வாய் வந்துவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றால் கேட்டாள், பிடிக்கவில்லை என்றால் சொன்னாள். ஒரு வாரத்தில் எனக்குக் கையசைத்துவிட்டு உள்ளே ஓடினாள். கிட்டாவைப் பற்றி நான் சொல்வதெல்லாம் இந்த ஓராண்டு அனுபவம் மட்டுமே. ஒரு வயதில் விட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதற்குத் தோழிகள் சொன்னதைத் தவிர என்னிடம் ஒன்றுமில்லை. பெர்லினுக்கு வெளியே இருப்பவர்கள் கட்டணத்தை அவரவர் ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள், ஊருக்கு ஊர் மாறும்.

கோயிலில் கேட்ட அந்தப் பெண்ணின் எண்ணை வாங்கி வைத்திருந்தேன், நேற்று பேசினேன். குட்ஷைனுக்கு, சேர்க்கும் தேதிக்கு 9 மாதம் முன்பிருந்து 2 மாதம் முன்புவரை விண்ணப்பிக்கலாம்; இப்போதே போட்டுவிடுங்கள் என்றேன். பெரிய பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் ஆகஸ்டில்தான் கிட்டாக்களில் இடம் காலியாகும், இவர் மகனுக்கு அதற்கு முன்பே தேவைப்படும். டாகெஸ்முட்டரிடம் போனால் முதலில் கேட்க வேண்டியது, உங்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் பார்த்துக்கொள்வார், அவரை என் மகன் முன்கூட்டியே பழகிக்கொள்ள முடியுமா என்பது. விடுமுறைத் தேதிகளை ஆண்டுத் தொடக்கத்திலேயே தருவாரா என்பது அடுத்தது. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டவர், "அக்கா, இவன் பாலுக்கு 'ப்பா'ங்குறான், அவங்கப்பாவையும் 'ப்பா'ங்குறான், அதை எப்படி எழுதிக் குடுக்க?" என்று கேட்டார். இரண்டையும் எழுதி, பக்கத்தில் இரண்டு பொருளும் போடச் சொன்னேன். 'வேணாம்' எழுதும்போது 'டபிள்யூ' போட வேண்டும் என்பதையும் மறக்காமல் சொன்னேன்.