பிளாஸ்டிக் செட்ஜ்விக்-ராஃப்டர் எண்ணும் தட்டு: அப்பாப்கா ஏரி நீருடன் எட்டு மாதங்கள்

ஏரி நீரில் மிதக்கும் நுண்பாசிகளை நுண்ணோக்கியில் வைத்து எண்ணுவதற்கென்றே உருவான செட்ஜ்விக்-ராஃப்டர் தட்டு ஒன்றை இணையக் கடையில் வாங்கி, புளோரிடாவின் அப்பாப்கா ஏரி நீரில் எட்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். கண்ணாடித் தட்டின் விலை கட்டுப்படியாகாததால் பிளாஸ்டிக் தட்டையே தேர்ந்தெடுத்தேன். 50 மில்லிமீட்டர் நீளமும் 20 மில்லிமீட்டர் அகலமும் 1 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள பள்ளத்தில் சரியாக 1 மில்லிலிட்டர் நீர் கொள்ளும். அடியில் 1000 கட்டங்கள் பொறித்திருப்பதால், ஒரு கட்டத்தின் மேல் நிற்கும் நீர் 1 மைக்ரோலிட்டர் என்று கணக்கு எளிதாகிவிடுகிறது.

இந்த ஏரியின் பரப்பு ஏறத்தாழ 125 சதுர கிலோமீட்டர். சராசரி ஆழமோ இரண்டு மீட்டருக்கும் குறைவு. 1940-களில் வடகரைச் சதுப்பு நிலத்தைக் கரைகட்டி வடித்துக் காய்கறி வயல்களாக்கியதிலிருந்து பாசிகளுக்கு உரமாகும் பாஸ்பரஸ் ஏரிக்குள் சேர்ந்துகொண்டே இருந்தது. அடிவரை தெளிந்து, நீர்த்தாவரங்கள் அடர்ந்திருந்த ஏரி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நுண்பாசிகளின் பச்சை ஏரியாகிவிட்டது. பின்னாளில் அந்த வயல்களை அரசே விலைக்கு வாங்கிச் சீரமைக்கத் தொடங்கியது. ஆழம் இவ்வளவு குறைவாக இருப்பதால் பலத்த காற்று அடித்தாலே அடிச்சேறு கிளம்பிவிடும். சேற்றின் மேல் படிந்து கிடக்கும் டயாட்டம்களும் (சிலிக்கா ஓடுடைய நுண்பாசிகள்) அதனுடன் எழுந்து வரும். ஏரிக்கரை ஊரான விண்டர் கார்டனின் பூங்காப் படகுத்துறையில் காற்றில்லாத காலையில் எடுத்த நீரையும், இரண்டு நாள் பலத்த காற்றுக்குப் பின் அதே இடத்தில் எடுத்த நீரையும் இத்தட்டில் அடுத்தடுத்துப் பார்த்தபோது, இரண்டு ஏரிகளைப் பார்ப்பது போலிருந்தது. தட்டு தன் விலைக்கு ஈடு செய்தது அன்றுதான்.

நிரப்புவதற்குக் கைப்பழக்கம் வேண்டும். மூடுகண்ணாடியைப் பள்ளத்தின் குறுக்கே சாய்வாக வைத்து, ஒரு மூலையில் பிப்பெட்டால் நீரை மெல்ல விட வேண்டும். நிரம்ப நிரம்பக் கண்ணாடி தானாகவே திரும்பி மூடிக்கொள்ளும். அவசரப்பட்டால் குமிழி நுழைந்துவிடும், மறுபடி முதலிலிருந்துதான். செல்களைக் கெடாமல் காத்து நிறமேற்றும் லூகால் அயோடின் கரைசலைச் சேர்த்து வெளிர் தேநீர் நிறமான நீரைக் கால் மணி நேரம் அசையாமல் வைத்தால் செல்கள் அடியில் படியும். படியாமல் அடம்பிடிப்பது மைக்ரோசிஸ்டிஸ் என்னும் மிதக்கும் நீலப்பச்சைப்பாசி. தன் வாயுப்பைகளின் பலத்தால் அது மூடுகண்ணாடியின் அடிப்பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளும். கட்டங்களைக் குவித்துப் பார்ப்பவர் கண்ணுக்கு அது படவே படாது. மாதிரியைச் சிறு புட்டியில் விளிம்புவரை நிரப்பி, தக்கையை இறுக்கி, அதன் தலையில் சுத்தியலால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால், அந்த அழுத்தத்தில் வாயுப்பைகள் நொறுங்கிச் செல்கள் மூழ்கிவிடும். 19-ஆம் நூற்றாண்டு முதலே அறியப்பட்ட உத்தி இது. வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்வது நல்லது.

குறைகளும் உண்டு. பொறித்த கோடுகள் மெலிந்தவை. ஒளியைக் குறைத்தால்தான் தெரிகின்றன. பிளாஸ்டிக்கில் விழும் கீறல்கள், இந்த ஏரியில் மிகுந்திருக்கும் மெல்லிய இழை நீலப்பச்சைப்பாசிகளைப் போலவே தோற்றமளிப்பதால், முதல் மாதத்தில் சில கீறல்களையும் சேர்த்து எண்ணியிருப்பேன் என்று அஞ்சுகிறேன். ஸ்பிரிட்டால் துடைத்த அன்று மேற்பரப்பில் மயிரிழை விரிசல்கள் ஓடின. துடைக்கக் கூடாதென்ற எச்சரிக்கை உடன் வந்த தாளில் இல்லை. கடைக்கு எழுதியும் பதில் வரவில்லை.

இவற்றைவிடப் பெரிய வரம்பு தட்டின் வடிவத்திலேயே இருக்கிறது. 1 மில்லிமீட்டர் ஆழமும் அதன்மேல் மூடுகண்ணாடியும் இருப்பதால் வழக்கமான 40 மடங்கு வில்லையை உள்ளே குவிக்க முடியாது. 10 அல்லது 20 மடங்கோடு நிற்க வேண்டும். கோலனிகளும் (செல் திரள்கள்) டயாட்டம்களும் தடித்த இழைகளும் நன்றாகத் தெரியும். ஆனால் இதுபோன்ற ஏரிகளில் பெருங்கூட்டமாக வாழும், ஓரிரு மைக்ரோமீட்டரே உள்ள நீலப்பச்சைச் செல்கள் தூசியாகத்தான் தெரிகின்றன. அவற்றை எண்ண ஒளிர்வு நுண்ணோக்கி வேண்டும். கண்ணாடித் தட்டு வாங்கினாலும் இக்குறை தீராது.

நீர் மிகப் பச்சையாக இருக்கும் மாதங்களில் பத்து மடங்கு நீர்த்துத்தான் எண்ணுகிறேன். 400 செல்கள் வரை எண்ணினால் பிழை ஏறத்தாழ பத்து விழுக்காட்டுக்குள் அடங்கும். அதற்கு எனக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. ஏரிக்கரையில் வசித்து, வாரம் ஒரு புட்டி நீர் எடுக்கும் பொழுதுபோக்காளருக்குப் பிளாஸ்டிக் தட்டே போதும். வெறும் நீரில் கழுவி, மென்துணியால் ஒற்றி எடுங்கள். எண்ணிக்கையை அறிக்கையில் எழுதித் தர வேண்டியவர் கண்ணாடித் தட்டுக்குப் பணம் சேர்த்துக்கொள்ளட்டும்.