மொன்ச்சியா, இயெகாராவா? குடிப்பிறப்பைக் குறிக்கும் ஜப்பானியச் சொற்கள்

பிறந்த குடும்பத்தை வைத்து ஒருவரின் சமூகத் தகுதியை அளப்பதற்கு ஜப்பானிய மொழியில் பல சொற்கள் உள்ளன. அவற்றுள் ‘மொன்ச்சி’, ‘இயெகாரா’ ஆகிய இரண்டையும் அகராதிகள் ஒன்றுக்கொன்று பொருளாகத் தருகின்றன; ஆயினும் ஒன்று நிற்கும் இடத்தில் மற்றொன்றை வைத்தால் வாக்கியம் இடறும்.

‘இயெ’ என்றால் வீடு. ‘காரா’ என்பது தன்மை, தரம். திருமணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டின் இயெகாரா நல்லதா என்று வாய்விட்டுக் கேட்கலாம். நம் வழக்கில் ‘நல்ல குடும்பமா?’ என்று கேட்பதற்கு அது மிக நெருக்கமானது. மொன்ச்சி அப்படிப் பேச்சில் புழங்கும் சொல் அன்று. வாயிலைக் குறிக்கும் எழுத்தும் நிலத்தைக் குறிக்கும் எழுத்தும் சேர்ந்த அந்தச் சொல், இன்று பெரும்பாலும் சட்ட வாசகங்களிலேயே உயிர் வாழ்கிறது.

1946 நவம்பர் 3 அன்று வெளியிடப்பட்டு, 1947 மே 3 அன்று நடைமுறைக்கு வந்த ஜப்பானிய அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு, இனம், கொள்கை, பால், சமூகநிலை, மொன்ச்சி ஆகியவற்றின் பெயரால் எவருக்கும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. இதே வரிசை, நாடாளுமன்ற உறுப்பினர்களின் தகுதி பற்றிய 44ஆம் பிரிவில், கல்வி, சொத்து, வருமானம் ஆகியவற்றோடு மீண்டும் வருகிறது. இங்கே இயெகாரா என்று எழுதியிருந்தால், தடை செய்யப்படுவது உரிமை மறுப்பா அல்லது அக்கம்பக்கத்தார் வைத்திருக்கும் மதிப்பா என்ற குழப்பம் எழுந்திருக்கும் என்றே நான் கருதுகிறேன்.

அதே வரிசையில் மொன்ச்சிக்கு முன்னால் நிற்கும் சமூகநிலைக்கு ‘மிபுன்’ என்ற சொல் ஆளப்பட்டுள்ளது. ஒருவர் சமூகத்தில் தொடர்ச்சியாக வகிக்கும் நிலையே அது என்று 1964இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. மொன்ச்சியோ பிறந்த கணத்திலேயே முடிவாகிவிடுவது. 1884இல் கோமகன் முதலான ஐந்து படிகளாக வகுக்கப்பட்ட பிரபுக்குலத்தை ஏற்க மாட்டோம் என்று 14ஆம் பிரிவின் அடுத்த பத்தியே அறிவிப்பதால், அந்தச் சொல் யாரை நோக்கி எழுதப்பட்டது என்பது தெளிவாகிறது.

இவற்றோடு தொடர்புடைய ‘மொன்பட்சு’ என்ற சொல்லில் கசப்பு கூடுதல். கீழ்நிலைச் சாமுராயின் மகனான, 19ஆம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் ஃபுகுசாவா யுகிச்சி, மொன்பட்சு முறையைத் தன் தந்தையின் பகைவன் என்றே எழுதினார். அங்கே குறிக்கப்படுவது தனிமனிதரின் பிறப்பு அன்று. உயர்குடிகள் பதவிகளைத் தமக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு.

தமிழாக்கத்தில் மொன்ச்சிக்குச் ‘சாதி’ என்று எழுதுவது தவறு. ‘குலம்’ என்பதும் வாசகரை அந்தப் பக்கமே இழுக்கும். நான் அதற்குக் ‘குடிப்பிறப்பு’ என்றும், இயெகாராவுக்குக் ‘குடும்பத் தரம்’ என்றும் எழுதுவேன்.