புழுக்கத்தில் மாரத்தான் பயிற்சி: அதிகாலையா, அந்தி சாய்ந்த பிறகா, டிரெட்மில்லா?

ஒரு நல்ல காரியத்துக்காக மாரத்தான் ஓடப்போகிறேன் என்று சொல்லி நாலு பேரிடம் நன்கொடை வாங்கிவிட்டால், அதற்கப்புறம் பயிற்சி நம்முடைய சொந்த விஷயமாக மட்டும் இருப்பதில்லை. பணம் கொடுத்தவர்கள் பார்க்கும்போதெல்லாம் "பயிற்சி எப்படிப் போகுது?" என்று அக்கறையாக விசாரிப்பார்கள். ஒரு நாள் ஓடாமல் விட்டாலும் மனசு உறுத்தும். நான் 16 வாரப் பயிற்சியில் இறங்கியது அப்படியொரு உறுத்தலோடுதான். அதில் பெரும்பகுதி கோடையில் வந்தது, அதுவும் புழுக்கமான கோடை. அதிகாலை, அந்தி சாய்ந்த பிறகு, டிரெட்மில் என்று மூன்று வழிகளையும் மாற்றி மாற்றி ஓடிப் பார்த்தேன். எந்த ஓட்டத்துக்கு எது சரிப்படும் என்பது பிடிபட இரண்டு மாதம் ஆனது.

வெப்பமானி காட்டும் டிகிரியை மட்டும் பார்த்து நேரத்தை முடிவு செய்யாதீர்கள். ஓடும்போது தசைகள் செலவழிக்கும் சக்தியில் சுமார் கால்வாசிதான் ஓட்டத்துக்குப் பயன்படுகிறது. மீதியெல்லாம் வெப்பமாகிவிடும். அதை வெளியேற்றத்தான் வியர்க்கிறது. ஆனால் வியர்வை தோலிலேயே ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அது ஆவியாகாமல் சொட்டிவிடும். நீரும் உப்பும் போனதுதான் மிச்சம். போட்டி நடத்துபவர்கள் வெப்ப ஆபத்தைக் கணக்கிட வைத்திருக்கும் அளவீட்டில், காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் காட்டும் ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 சதவீத எடை, வெயிலின் தாக்கத்தைக் காட்டும் கருப்புக் கோளத்துக்கு 20 சதவீதம், சாதாரண வெப்பமானிக்கு வெறும் 10 சதவீதம். காற்றின் ஈரத்துக்கு எவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கிறார்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

இனி அதிகாலை. விடியும் முன் போனில் வானிலையைப் பார்த்தால் ஈரப்பதம் 90 சதவீதம் என்று இருக்கும். மாலையில் 60தான். அப்படியானால் மாலைதானே நல்லது என்று தோன்றும். முதல் மூன்று வாரம் நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தச் சதவீதம், அந்த வெப்பநிலையில் காற்று எவ்வளவு ஈரத்தைத் தாங்குமோ அதில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. 26 டிகிரியில் 90 சதவீதமும், 33 டிகிரியில் 60 சதவீதமும் காற்றிலுள்ள ஈரத்தைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட ஒன்றுதான். உங்கள் தோலிலிருந்து வியர்வை ஆவியாக இரண்டு வேளையிலும் ஏறக்குறைய ஒரே அளவு வாய்ப்புதான். ஆனால் அதிகாலையில் காற்று ஏழு டிகிரி குளிர்ச்சி, தலைமேல் வெயிலும் இல்லை. ஆகவே சதவீதத்தை விட்டுவிட்டு, வானிலைச் செயலியில் பனிநிலை (dew point, காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) எத்தனை டிகிரி என்று பாருங்கள். அது 24ஐத் தொட்டால் எந்த நேரத்தில் ஓடினாலும் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

அதிகாலைக்கு இன்னொரு சாதகமும் உண்டு. உடம்பின் உள்வெப்பம் விடியும் முன்தான் மிகக் குறைவு, பிற்பகலிலும் மாலையிலும்தான் அதிகம். குறைந்த சூட்டில் தொடங்கினால் உச்சத்தைத் தொட நேரமாகும். மூன்று மணி நேர லாங் ரன்னில் இது பெரிய உதவி. விலையாகப் போவது தூக்கம். மூன்றரைக்கு எழ வேண்டுமென்றால் இரவு எட்டரைக்காவது படுத்துவிட வேண்டும். வாரத்தில் நாலு நாள் இப்படி எழுந்து பார்த்தேன், மூன்றாவது வாரம் கால் கனத்துவிட்டது. தூங்காத உடம்பு வெப்பத்தையும் சரியாகத் தாங்காது. அதனால் அதிகாலையை லாங் ரன்னுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டேன்.

சூரியன் போனதும் சூடும் போய்விடும் என்று நம்பி இரவில் ஓடக் கிளம்புகிறவர்களுக்கு 2019 தோஹா உலகத் தடகளப் போட்டியைச் சொல்ல வேண்டும். வெயிலைத் தவிர்க்கப் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் தொடங்கினார்கள். அப்போதும் 30 டிகிரிக்கு மேல் சூடு, 70 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம். ஓடிய 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. அவ்வளவு பேரும் உலகத் தர வீராங்கனைகள்.

மாலையில் இன்னொரு சிக்கல் தரை. பகல் முழுக்கச் சூட்டைக் குடித்த தார்ச்சாலை அதைக் கீழிருந்து மேலே விட்டுக்கொண்டே இருக்கும். நின்று லேஸ் கட்டக் குனிந்தால் முகத்தில் அடிக்கும். ஓடி முடித்துப் படுத்தாலும் உடம்பு சூடு இறங்காமல் தூக்கம் தள்ளிப்போகும். ஆனால் மாலையை ஒதுக்கிவிடவும் முடியாது. உடம்பைச் சூட்டுக்குப் பழக்குவது இந்த ஓட்டங்கள்தான். தொடர்ந்து 10 முதல் 14 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் போலச் சூட்டில் மெதுவாக ஓடினால், ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரமே தொடங்குகிறது, அதில் போகும் உப்பு குறைகிறது. அதே வேகத்தில் இதயத் துடிப்பும் இறங்குகிறது. எனக்கு இரண்டாவது வாரத்தின் கடைசியில் அது தெரிந்தது. உலர்ந்த சட்டையில் வெள்ளையாகத் தெரியும் உப்புத் தடம் மெலிந்திருந்தது. சில வாரம் சூட்டுப்பக்கமே போகாவிட்டால் இந்தப் பழக்கம் கரைந்துவிடும். போட்டி நாளும் சூடாக இருக்கும் என்றால் மாலை ஓட்டத்தை விடவே விடாதீர்கள். ஆனால் குறைந்த தூரம், பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம், அவ்வளவுதான்.

டிரெட்மில்லைப் பலர் ஓட்டமாகவே மதிப்பதில்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஈரம் நிறைந்த காற்றில் வேகப் பயிற்சி செய்தால் கால் களைப்பதற்கு முன்பே சூடு நம்மை நிறுத்திவிடும். கால் கற்க வேண்டிய வேகத்தைக் கற்காது. குளிரூட்டிய அறையில் அதே வேகத்தை முழுசாக ஓடி முடிக்கலாம். ஒரு நிபந்தனை, மின்விசிறி நேரே முகத்துக்கு வர வேண்டும். வெளியே ஓடும்போது நாம் நகர்வதாலேயே காற்று உடம்பில் படுகிறது, டிரெட்மில்லில் அது இல்லை. விசிறி இல்லாமல் 20 நிமிடம் ஓடினால் பெல்ட்டின் இரு பக்கமும் வியர்வை குளம் கட்டிவிடும். காற்றின் எதிர்ப்பு இல்லாததை ஈடுகட்ட 1 சதவீத ஏற்றம் வைத்துக்கொள்வார்கள், நானும் அப்படித்தான். சாலையின் இறக்கமும் திருப்பமும் கிடைக்காது, சூட்டுக்கும் பழக்காது. எனவே பயிற்சி முழுவதையும் அதில் முடித்துவிட்டு நேரே போட்டிக்குப் போவது ஆபத்து.

எங்கே ஓடினாலும் தண்ணீர்க் கணக்கு வேண்டும். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள், பின்னால் பார்க்கும்போது நனைந்த துணியைக் கழற்றிவிட்டு. குறைந்த ஒவ்வொரு கிலோவும் சுமார் ஒரு லிட்டர் நீர். எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள், அது ரத்தத்திலுள்ள உப்பை, அதாவது சோடியத்தை, நீர்த்துப்போகச் செய்யும். 2002 பாஸ்டன் மாரத்தானில் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தில் எடை கூடியவர்களுக்குத்தான் அந்த ஆபத்து அதிகம் என்று அந்த ஆய்வு காட்டியது.

நன்கொடைக்காக ஓடுகிறவர்களிடம் ஒன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். தலை சுற்றுவது, புழுக்கத்திலும் சிலிர்ப்பது, நேராக ஓட முடியாமல் தடுமாறுவது, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது, இதில் எது வந்தாலும் நின்றுவிடுங்கள். உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி புத்தி தடுமாறினால் அது உயிருக்கே ஆபத்து. அப்போது கூட இருப்பவர்கள் அவசர உதவிக்குச் சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் குளிர்ந்த நீரில் கழுத்துவரை அமிழ்த்திக் குளிர வைக்க வேண்டும். மருத்துவமனைப் பயணம் அதற்கப்புறம்தான். பணம் கொடுத்த யாரும் இதைத் தாண்டி நாம் ஓட வேண்டும் என்று கேட்கவில்லை.

26 கிலோமீட்டர் ஓட வேண்டிய ஒரு நாள், 19ஆவது கிலோமீட்டரில் எனக்குச் சிலிர்த்தது. நிழலில் உட்கார்ந்து, வீட்டுக்குப் போன் செய்து, வண்டியில் திரும்பினேன். மிச்ச 7 கிலோமீட்டரை அன்றைக்கு ஓடவே இல்லை. அடுத்த வாரம் அதே 26ஐ இரண்டாகப் பிரித்தேன். இருட்டிலேயே கிளம்பி வெளியே 16, வெயில் ஏறியதும் உள்ளே போய், சட்டையையும் சாக்ஸையும் மாற்றிக்கொண்டு, விசிறிக்கு முன்னால் டிரெட்மில்லில் 10. கடைசி கிலோமீட்டரிலும் முழு வாக்கியமாகப் பேச முடிந்தது. அதிலிருந்து போட்டிவரை எல்லா லாங் ரன்னையும் அப்படியே ஓடினேன்.