ஹைலாஃபேக்ஸ்: மென்பொருள் தூங்குவதில்லை, மோடம்தான் படுத்துகிறது

பல வருடங்களாக ஒரு டெபியன் லினக்ஸ் சர்வரில், ஃபேக்ஸ் அனுப்பவும் பெறவும் உதவும் ஹைலாஃபேக்ஸ் என்ற மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். ஜப்பானில் உள்ள வாடிக்கையாளர்கள் சிலர் ஆர்டரை இன்றும் ஃபேக்ஸில்தான் அனுப்புகிறார்கள், அதனால் இதை விட முடியவில்லை. மென்பொருளின் மேல் எனக்குப் பெரிய குறை கிடையாது. 1990களின் தொடக்கத்தில் சிலிக்கான் கிராஃபிக்ஸில் இருந்த சாம் லெஃப்லர் எழுதியது, அப்போது இதன் பெயர் ஃப்ளெக்ஸ்ஃபேக்ஸ். பழைய சரக்குதான், ஆனால் கெட்டியான சரக்கு. தொந்தரவு வந்தபோதெல்லாம் காரணம் மோடத்திலோ, லைனிலோ, இடையில் மூக்கை நுழைத்த வேறொரு நிரலிலோதான் இருந்தது.

மோடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். கணினிக்குள் செருகும் மலிவான கார்டுகள் பெரும்பாலும் வின்மோடம். சிக்னல் வேலையைக் கணினியின் தலையில் கட்டிவிடுவார்கள். கெர்னலைப் புதுப்பித்த மறுநாள் டிரைவர் காணாமல் போகும். பணம் கொஞ்சம் கூடினாலும் சீரியல் போர்ட்டில் மாட்டும் வெளி மோடமே வாங்குங்கள்.

அப்புறம் கிளாஸ், அதாவது ஃபேக்ஸ் வேலையை மோடமும் கணினியும் பங்கிட்டுக்கொள்ளும் விதம். கிளாஸ் 2, 2.0 என்றால் டி.30 உரையாடலை, அதாவது இரு ஃபேக்ஸ் முனைகளும் பேசிக்கொள்ளும் நெறிமுறையை, மோடமே நடத்தும். கிளாஸ் 1 என்றால் அதை ஹைலாஃபேக்ஸ் நடத்தும், மோடம் ஒலியை மட்டும் பார்த்துக்கொள்ளும். கேட்க முதல் வகை நல்லதாகத் தோன்றும். ஆனால் மோடத்தின் ஃபர்ம்வேரில் பிழை இருந்தால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. எங்களிடம் இருந்த ஒரு மோடம் கிளாஸ் 2.0-இல் இரண்டாம் பக்கத்தில் சத்தமில்லாமல் நின்றுவிடும். கிளாஸ் 1-க்கு மாற்றினேன், அதே மோடம் ஒழுங்காக ஓடியது. கிளாஸ் 1-இல் ஒரு சிக்கல் உண்டு: நேரம் தவறக்கூடாது. வேகத்தை அறிவித்த பிறகு சோதனைச் சிக்னல் சுமார் 75 மில்லிசெகண்டில் கிளம்பியாக வேண்டும். சர்வரை வர்ச்சுவல் மெஷினாக்கி யுஎஸ்பி மோடத்தை அதற்குள் கடத்திப் பார்த்தபோது இந்த இடத்தில்தான் அடிக்கடி உதைத்தது.

யுஎஸ்பி மோடம் வைத்திருப்பவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது மோடம்மேனேஜரை, லினக்ஸில் மொபைல் இணைய மோடங்களைக் கவனிக்கும் நிரல் அது. மொபைல் டாங்கிளோ என்று நினைத்து நம் மோடத்தைத் திறந்து ஏடி கட்டளைகளை (மோடத்துக்குத் தரும் வழக்கமான கட்டளைகள்) கொடுத்துப் பார்க்கும். மோடம் சிக்கிக்கொண்டது என்று ஹைலாஃபேக்ஸ் புலம்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சர்வரில் அதற்கு வேலையே இல்லை, நிறுத்திவிடலாம். கழற்றி மாட்டினால் போர்ட்டின் எண் மாறும் தொல்லையும் உண்டு, லினக்ஸில் சாதனங்களுக்குப் பெயரிடும் யுடெவுக்கு விதி ஒன்று எழுதி நிரந்தரப் பெயர் கொடுத்துவிடுங்கள்.

மோடத்தைக் கவனித்து வரும் அழைப்பை எடுக்கும் ஃபேக்ஸ்கெட்டி என்ற நிரல் ஓடுகிறதா என்றும் பாருங்கள். முன்பு கணினி தொடங்கும்போது படிக்கும் இனிட்டாப் கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும். நிரல்களைத் தொடங்கும் வேலைக்கு சிஸ்டம்டி வந்த பிறகு ஃபேக்ஸ்கெட்டிக்கென்று ஒரு சர்வீஸ் கோப்பு வேண்டும். அது ஓடாவிட்டால் ஃபேக்ஸ் உள்ளே வராது. அனுப்ப வேண்டியவையும் மோடத்துக்குக் காத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு வரிசையிலேயே கிடக்கும். அலுவலக இபிஏபிஎக்ஸ் (உள் தொலைபேசி இணைப்பகம்) வழியாகப் போகிறவர்களுக்கு டயல் டோன் இல்லை என்ற பிழை வரலாம். மோடத்தின் தொடக்கக் கட்டளையில் எக்ஸ்3 சேர்த்தால், டோனுக்குக் காத்திராமல் டயல் செய்துவிடும்.

இதையெல்லாம் எனக்குக் கற்றுக் கொடுத்தது செஷன் லாக். ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு கோப்பு, டிரேசிங்கைக் கூட்டி வைத்தால் இருபுறமும் பேசியது முழுக்க இருக்கும். எதிர்முனை தன் திறனைச் சொல்லும், நம் பக்கம் வேகத்தைத் தேர்ந்து ஒன்றரை விநாடி சோதனைச் சிக்னல் விடும். அது சரியாகப் போய்ச் சேர்ந்தால் எதிர்முனை சிஎஃப்ஆர் என்று பதில் தரும், சரியில்லை என்றால் எஃப்டிடி. எஃப்டிடி திரும்பத் திரும்ப வந்து வேகம் விநாடிக்கு 14400 பிட்டிலிருந்து இறங்கிக்கொண்டே போனால், மென்பொருளை நோண்டாமல் லைனைப் பாருங்கள். பக்கம் அனுப்பிய பிறகு எம்சிஎஃப் வந்தால் அது நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது, ஆர்டிஎன் என்றால் எதிர்முனைக்குத் திருப்தியில்லை.

எங்கள் செப்புக் கம்பி லைன் ஃபைபருக்கு மாறியபோது இந்த லாக்தான் காப்பாற்றியது. ஒரு பக்கம் போகும், ஐந்து பக்கம் போகாது. குரல் பாக்கெட்டுகளாகப் போகும்போது ஒன்றிரண்டு தொலைந்தாலும் காது பொறுத்துக்கொள்ளும், மோடம் பொறுக்காது. வேகத்தை 9600-க்குக் கீழேயே கட்டிப்போட்டேன், பெருமளவு அடங்கியது. பிழையான பகுதிகளைத் திரும்பக் கேட்டு வாங்கும் இசிஎம்-ஐ நிறுத்தச் சொல்வார்கள், அழைப்பு சீக்கிரம் முடியும் என்று. நான் நிறுத்தவில்லை. ஆர்டரில் 3 என்பது 8 ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?

வந்த ஃபேக்ஸைப் பிடிஎஃப் ஆக்கி உரியவருக்கு மின்னஞ்சலில் தள்ளும் ஃபேக்ஸ்டிஸ்பேட்ச் கோப்பு மட்டும் ஒருமுறை எழுதியதோடு சரி, இன்றுவரை தொடவில்லை. பழைய கோப்புகளைக் கழிக்க ஃபேக்ஸ்கிரானும் ஓடட்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் மோடம் வாங்கும் முன் தொலைபேசி நிறுவனத்திடம் டி.38, அதாவது ஃபேக்ஸை இணைய நெறிமுறை வழியே கடத்தும் முறை, உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் டி38மோடம் என்ற மென்பொருள் மோடமே போதும், ஹைலாஃபேக்ஸ் அதோடும் பேசும்.