மாதிரித் துறைமுகத்துத் தண்ணீர்: எபொக்சியா, அக்ரிலிக் ஜெல்லா?

ரயில் மாதிரியில் கொழும்புத் துறைமுகம் அமைப்பவர்கள் கடைசியில் தடுமாறுவது தண்ணீரில்தான். எபொக்சி என்பது இரு திரவங்களைக் கலந்து ஊற்றி இறுகவிடும் பிசின்; அக்ரிலிக் ஜெல் என்பது தூரிகையால் பூசும், காய்ந்தால் தெளியும் வெண்கூழ்.

விலை: எபொக்சி ஒரேயடியாகக் கையைக் கடிக்கும். ஜெல்லைச் சிறு போத்தலாக வாங்கலாம். பரப்புக் கூடினால் அதுவும் மலிவில்லை.

ஆழம்: எபொக்சி கண்ணாடிபோல் ஆழம் காட்டும். ஒரு வார்ப்புக்கு 3 மி.மீ. போதும்; தடித்தால் சூடேறி விரிசல் விடலாம். ஜெல்லைத் தடிப்பாகப் பூசினால் உள்ளே பால்நிறம் தங்கிவிடும்.

ஈரப்பதம்: இங்கே பெரிய தலைவலி. மழைநாளில் ஊற்றிய எபொக்சியின் மேல் மெழுகுபோல் ஒரு பிசுபிசுப்புப் படரும். வெதுவெதுப்பான சவர்க்கார நீரால் துடைத்து, காயவிட்டு, சாண்ட் பேப்பர் போட்ட பிறகே அடுத்த வார்ப்பு. ஜெல் காயத்தான் தாமதிக்கும்.

கசிவு: எபொக்சி ஊசித்துளையிலும் இறங்கும், பலகைக்கு அடியிலுள்ள பொயின்ற் மோட்டர் (தண்டவாளத்தைத் திசைமாற்றும் மோட்டர்) இறுகினால் அவ்வளவுதான். துறைச்சுவர் ஓரங்களை முதலில் பசையால் அடையுங்கள்.

திருத்தம்: ஜெல்லுக்கே வெற்றி. எபொக்சி சுவரோரம் விலகினாலும் அந்த இடைவெளியை ஜெல்லால்தான் நிரப்ப வேண்டும்.

1875இல் அடிக்கல் நாட்டிய தென்மேற்கு அலைதடுப்புக்கு உள்ளே நீர் அடங்கிக் கிடக்கும், அங்கே எபொக்சி. வெளியே அலை மோதும் பக்கத்துக்கு ஜெல்: தூரிகையால் குத்திக் குத்தித் தூக்கினால் அலைமுனை அப்படியே நிற்கும், காய்ந்தபின் வெள்ளை தொட்டால் நுரை.