ரிட்டர்ன் போடுவதற்கு முன் ஏஐஎஸ்: தையல் யூனிட் நடத்தும் ஒருத்தியின் மதிப்பீடு

எங்கள் வீட்டில் வருஷத்துக்கு இரண்டு வருமான வரி ரிட்டர்ன். கணவருக்குச் சம்பளம், அதனால் ஐடிஆர்-1 படிவம். எனக்குத் தையல் யூனிட், ஐடிஆர்-4. இரண்டையும் நானேதான் போடுகிறேன். வருமான வரித் துறை தளத்தில் உள்ள ஏஐஎஸ், அதாவது ஆண்டுத் தகவல் அறிக்கை, 2021 நவம்பரில் வந்தது. ரிட்டர்னுக்குத் தயாராக இதைவிட உருப்படியான இலவச சேவையை நான் பார்த்ததில்லை. ஆனால் தொழில் செய்கிறவர்களுக்கு இது பாதிக் கிணறுதான். மீதிப் பாதியை நம் கணக்கு நோட்டை வைத்துத்தான் தாண்ட வேண்டும்.

நம் பான் எண்ணின் பேரில் வங்கி, மியூச்சுவல் ஃபண்ட், நமக்குப் பணம் கொடுத்த நிறுவனம் எல்லாம் துறைக்கு என்னென்ன தெரிவித்திருக்கிறார்களோ, அத்தனையும் இதில் இருக்கிறது. அதே துறையின் 26ஏஎஸ் என்ற வரிப் பிடித்தப் படிவத்தில் இப்போது டிடிஎஸ் (நமக்குப் பணம் கொடுப்பவர் பிடித்துக் கட்டும் வரி), டிசிஎஸ் (நமக்கு விற்பவர் வசூலித்துக் கட்டும் வரி) மட்டும்தான் வருகிறது. சேமிப்புக் கணக்கில் விழுந்த முந்நூறு ரூபாய் வட்டிகூட ஏஐஎஸ்-இல் தெரிகிறது. பிடிஎஃப்-ஐ இறக்கியதும் பாஸ்வேர்டு கேட்கும். பான் எண்ணைச் சின்ன எழுத்தில் அடித்து, அதை ஒட்டியே பிறந்த தேதியை எட்டு இலக்கமாக அடிக்க வேண்டும். பான் கார்டில் இருப்பதுபோல் பெரிய எழுத்தில் அடித்தால் திறக்காது.

ஏப்ரலிலேயே திறந்து பார்த்துவிட்டு "ஒன்றுமே இல்லையே" என்று சந்தோஷப்பட வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்த டிடிஎஸ் கணக்கைத் தாக்கல் செய்ய மே 31 வரை அவகாசம் உண்டு. வங்கிகள் வட்டி விவரம் கொடுப்பதற்கும் அதே தேதிதான். டிடிஎஸ் பிடித்ததற்கான சான்றிதழ்களான ஃபார்ம் 16 (சம்பளத்துக்கு), 16ஏ (மற்றவற்றுக்கு) இரண்டும் ஜூன் 15-க்குள் கைக்கு வர வேண்டும். அதனால் நான் ஜூன் கடைசியில்தான் உட்காருவேன்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது கருத்துத் தெரிவிக்கும் வசதி. ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் சரி, முழுதும் சரியில்லை, வேறு பானுக்கு உரியது, ஏற்கெனவே வேறு பதிவில் வந்துவிட்டது, எனக்குச் சம்பந்தமில்லை என்றெல்லாம் சொல்லலாம். மாமியாரின் பணத்தை ஒரு எஃப்டி-யில் போட்டிருக்கிறோம். வங்கிக்குப் போய்வர வசதி என்று முதல் பெயராக என் பெயரைக் கொடுத்தோம். வட்டி முழுவதும் என் பானில் ஏறிவிட்டது. பணம் அவருடையது, வட்டி வருமானமும் அவருடையதுதான். "வேறு பானுக்கு உரியது" என்று குறித்து அவர் பான் எண்ணைக் கொடுத்தேன். டிஐஎஸ் என்ற சுருக்கப் பட்டியலில் என் வட்டித் தொகை உடனே குறைந்தது. அந்த வட்டியை அவருடைய வருமானக் கணக்கில் சேர்த்தோம்.

கணவரின் எஃப்டி வட்டி இரண்டு இடத்தில் வந்திருந்தது: வட்டியில் வரி பிடிக்கும் 194ஏ பிரிவின் கீழ் டிடிஎஸ் பகுதியில் ஒன்று, வங்கி கொடுத்த வட்டி விவரமாக எஸ்எஃப்டி-016 என்று இன்னொன்று. கூட்டிப் பார்த்து மிரண்டுவிடக் கூடாது. டிஐஎஸ்-இல் தெரிவிக்கப்பட்ட தொகை ஒரு கட்டத்திலும், இரட்டிப்பை நீக்கிய தொகை அடுத்த கட்டத்திலும் இருக்கும். பாஸ்புக்கோடு ஒத்துப் போனது இரண்டாவது தொகைதான்.

டிடிஎஸ் விஷயத்தில் மட்டும் ஏஐஎஸ்-ஐ நம்பி நின்றுவிடாமல் 26ஏஎஸ்-ஐயும் பார்க்க வேண்டும். இரண்டும் வேறுபட்டால் 26ஏஎஸ்-ஐயே எடுத்துக்கொள்ளச் சொல்லித் துறையே குறிப்பிடுகிறது. ஒரு பள்ளி துணியைக் கொடுத்து என்னிடம் சீருடை தைத்து வாங்குகிறது. ஒப்பந்த வேலைக்கு வரி பிடிக்கும் 194சி பிரிவின் கீழ் தனிநபருக்கு 1 சதவீதம் பிடிப்பார்கள். 1,24,000 ரூபாய் பில்லுக்கு 1,22,760 தான் வங்கியில் விழுந்தது. பிடித்த 1,240 ரூபாய் எதிலும் இல்லை. பில் நகலையும் வங்கி வரவையும் காட்டிக் கேட்ட பிறகுதான், அவர்கள் கணக்குப் பிரிவில் என் பானில் ஓர் எழுத்தை மாற்றி அடித்திருந்தது தெரிந்தது. அவர்கள் திருத்தத் தாக்கல் செய்த பிறகே அது 26ஏஎஸ்-க்கு வந்தது. 2025-இல் ரிட்டர்ன் கடைசித் தேதி ஜூலை 31-இலிருந்து செப்டம்பர் 15-க்கும், பிறகு ஒரு நாள் கூட்டி 16-க்கும் போனதால் பதறாமல் காத்திருக்க முடிந்தது. தொகை சின்னதுதான். ஆனால் அது என் உழைப்பில் பிடித்த பணம், விடுவதற்கு எனக்கு மனசில்லை.

இனி ஏஐஎஸ்-இல் இல்லாதது. பிளவுஸ் தைத்து வாங்குகிறவர்கள் கையில் கொடுக்கும் ரொக்கம் அதில் இல்லை, அவர்கள் ஜிபே-யில் அனுப்புவதும் இல்லை. அதில் வரவில்லை என்பதற்காகக் காட்டாமல் விடக் கூடாது, அதற்கும் வரிக் கணக்கு உண்டு. வரவில் ஒரு சதவீதத்தை லாபமாகக் காட்டும் 44ஏடி பிரிவில் போடுகிறவர்கள் ரொக்க வரவில் 8 சதவீதமும், வங்கி வழி வரவில் 6 சதவீதமும் குறைந்தபட்ச லாபமாகக் காட்ட வேண்டும். ஆக இரண்டையும் பிரித்து வைத்தே ஆக வேண்டும். நான் பில் புக்கிலேயே ரொக்கத்துக்கு 'ரொ' என்று சிவப்பு மையில் எழுதிவிடுவேன், மாதக் கடைசியில் வங்கி ஸ்டேட்மென்ட்டோடு டிக் அடிப்பேன். மார்ச் பில்லுக்கு ஏப்ரலில் வங்கிக்குப் பணம் வந்தாலும், ரிட்டர்ன் கடைசித் தேதிக்குள் வந்திருந்தால் அதற்கும் 6 சதவீதம்தான். இது பலருக்குத் தெரிவதில்லை.

ஐடிஆர்-4 இன்னும் சில விஷயங்களைக் கேட்கும்: மார்ச் 31 அன்று கையிருப்புச் சரக்கு, கையில் இருந்த ரொக்கம், வர வேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய பாக்கி. ஜூலையில் உட்கார்ந்து யோசித்தால் லைனிங் துணி எத்தனை மீட்டர் இருந்தது என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? அன்று மாலையே எண்ணி எழுதிவிட வேண்டும். பழைய வரி முறைதான் வேண்டும் என்கிற தொழில்காரர்கள் கடைசித் தேதிக்குள் 10-ஐஇஏ படிவமும் போட வேண்டும். சம்பளக்காரருக்கு அந்த வேலை இல்லை, ரிட்டர்னிலேயே தேர்ந்தெடுத்துவிடலாம்.

குறை என்றால், ஏஐஎஸ் தனிப் பக்கமாகத் திறப்பது. ரிட்டர்ன் ஒரு பக்கம், இது ஒரு பக்கம் என்று மாறி மாறிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2023-இல் வந்த மொபைல் ஆப்பில் மேலோட்டமாகப் பார்க்கலாம், ஒவ்வொரு பதிவாகச் சரிபார்க்கக் கணினிதான் வசதி. கருத்துச் சொன்ன பிறகு, தகவல் கொடுத்தவர் அதை ஏற்றாரா இல்லையா என்பது முன்பு தெரியாமலே இருந்தது. 2024 மே மாதம் அந்த நிலையைக் காட்டும் வசதியைச் சேர்த்தார்கள். உண்மையிலேயே நல்ல முன்னேற்றம்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தருகிறேன். ரிட்டர்ன் போடும் அன்று இருக்கும் ஏஐஎஸ்-ஐ பிடிஎஃப்-ஆக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகும் அதில் புதுப் பதிவுகள் சேரலாம். 2024-25 நிதியாண்டுக்குத் திருத்திய ரிட்டர்ன் போட 2025 டிசம்பர் 31 வரை நேரம் இருந்தது. நான் டிசம்பர் தொடக்கத்தில் ஒருமுறை திறந்து, அந்தப் பழைய பிடிஎஃப்-ஐப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன்.